கீழ்ப்பக்கம் என் முறை

தேயிலை வெட்டும் மெசினை இரண்டு பேர் பிடிக்க வேண்டும். செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் செடியின் தலை மேல் கத்தி ஓடும். வெட்டிய இலை காற்றோடு போய்ப் பின்னால் தொங்கும் நீளப் பைக்குள் விழும். அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது ஆள் வருவார்.

எங்கள் தோட்டம் முழுக்க மலைச்சரிவு. அதனால் இரண்டு பேரில் ஒருவர் மேல்பக்கம் நடப்பார், ஒருவர் கீழ்ப்பக்கம் நடப்பார். மேல்பக்கம் நடப்பவர் குனிந்தே போக வேண்டும், இடுப்பு போய்விடும். கீழ்ப்பக்கம் நடப்பவர் கையைத் தூக்கியே பிடிக்க வேண்டும், தோள் போய்விடும். கால் வைக்கவும் அங்கே இடம் குறைவு. ஆகவே காலையில் ஒரு பக்கம், பத்து மணித் தேநீருக்குப் பிறகு மறுபக்கம். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் மெசின் பிடிக்கிற எல்லோரும் அப்படித்தான். முறை என்றால் முறை.

நானும் என் தங்கையின் கணவரும் பதினைந்து வருடம் ஒரே மெசினைப் பிடித்தோம். அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் அவரை மாப்ள என்பேன். அவர் என்னை மச்சான் என்பார். அவருக்குப் பேச்சு அதிகம். எனக்குக் குறைவு. மெசின் சத்தத்தில் யார் பேசினாலும் காதில் விழாது. அதனால் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

காலையில் கயிற்றை இழுத்து இன்ஜினைக் கிளப்பும் முன் நான் தொப்பியைக் கழற்றி ஜெபம் பண்ணுவேன். அவர் கழற்ற மாட்டார்.

"பெட்ரோல் ஊத்தியாச்சு, ஆயில் பாத்தாச்சு. இன்னும் என்ன மச்சான்?"

"தொப்பியக் கழட்டுங்க மாப்ள."

"குளிருது லா. நீங்களே ரெண்டு பேருக்கும் சேத்துக் கேட்டுடுங்க. நான் கூப்பிட்டா அங்க லைன் பிசி."

நானும் இரண்டு பேருக்கும் சேர்த்தே கேட்பேன். பெரிய ஜெபம் ஒன்றும் இல்லை. ஆண்டவரே, எங்கள் ரெண்டு பேரையும் பத்திரமாக வீடு சேர்த்துவிடும். அவ்வளவுதான். பதினைந்து வருடம் அதையே கேட்டேன். பதினைந்து வருடம் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே இருப்பார் என்று நினைத்துவிட்டேன்.

போன வருடம் மே மாதம் நான்கு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் வெயில் வந்தது. இலை முற்றிக்கொண்டிருந்தது. காலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் அந்த நேரத்தில், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எங்களை ஓடைக்கு மேல் இருக்கும் சரிவுக்குப் போகச் சொன்னார். போனோம். நான் தொப்பியைக் கழற்றினேன். இரண்டு பேருக்கும் கேட்டேன். மெசின் முதல் இழுப்பிலேயே கிளம்பியது.

"பாத்தீங்களா, இன்னிக்கு உங்களுக்கு உடனே பதில்" என்றார்.

காலையில் அவர் கீழ்ப்பக்கம், நான் மேல்பக்கம். பத்து மணிக்கு உட்கார்ந்தோம். பிளாஸ்கில் தேநீர், பிஸ்கட். பையைப் பிடிக்கிற பங்களாதேஷ்காரர் தன் டப்பாவில் இருந்த ரொட்டியில் எங்களுக்கும் பிய்த்துத் தந்தார். கீழே ரிங்லெட் ஊர்ப் பக்கம் மேகம் கறுத்தது. மாப்ளதான் முதலில் எழுந்தார். நான் இடது முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"முட்டியா மச்சான்?"

"ம்."

"நீங்க மேலயே நடங்க. இன்னும் மூணு வரிசதானே. கீழ நான் போறேன்."

"என் முறை மாப்ள."

"பெரிய முறை. உக்காந்தா எந்திரிக்கவே உங்களுக்கு அரை மணி நேரம் ஆவுது. கீழ எறங்கி ஏறுறதுக்குள்ள மழ வந்துடும், அப்புறம் எலைய வெட்டுனாப்லதான். வாங்க, வாங்க."

பங்களாதேஷ்காரருக்குத் தமிழ் பாதி புரியும். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் முறை என்று ஒரு தடவை சொன்னேன். இன்னொரு தடவை சொல்லவில்லை.

இரண்டாவது வரிசையில் பாதி தூரம் போயிருப்போம். மெசின் என் கையை இழுத்தது. கத்தி தடித்த கிளையில் மாட்டிவிட்டது என்று நினைத்தேன். அவர் பக்கம் பார்த்தேன். இடுப்பு வரைக்கும் தெரிந்தார். பிறகு தொப்பி மட்டும் தெரிந்தது. பிறகு செடி இல்லை, வரிசை இல்லை, மண் தெரிந்தது. கைப்பிடி என் மணிக்கட்டை முறுக்கிப் பிடுங்கிக்கொண்டு போனது. நான் உட்கார்ந்திருந்தேன். என் சப்பாத்து நுனியில் இருந்து ஒரு முழத்தில் மலை அறுந்து நின்றது. பங்களாதேஷ்காரர் கிழிந்த பையோடு எனக்குப் பின்னால் மல்லாக்க விழுந்து கிடந்தார்.

இன்ஜின் சத்தம் கீழே கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றது.

அவர் கத்தினாரா என்று பலர் என்னைக் கேட்டார்கள். மெசின் ஓடும்போது யார் பேசினாலும் காதில் விழாது.

அவரைத் தோண்டி எடுக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. என்னை அதற்கு முன்பே தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். கட்டிலைச் சுற்றி எங்கள் சபை ஆட்கள் நின்றார்கள். எங்கள் தோட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பம் கொஞ்சம்தான். எல்லோரும் வந்துவிட்டார்கள்.

"ஒரு முழம் தம்பி! ஒரு முழத்துல கர்த்தர் ஒங்கள நிறுத்திட்டாரு பாருங்க" என்றார் ஒரு அம்மா.

"தூதன் கையப் போட்டுத் தடுத்திருக்காரு" என்றார் இன்னொருவர்.

தூதனுக்கு ஒரு கைதானா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

அடக்கத்துக்கு மாவுக்கட்டோடு போனேன். அங்கே அதே ஆட்கள் என் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு கர்த்தருடைய சித்தம் என்றார்கள். திரும்பி என் தோளைத் தட்டிக் கர்த்தருடைய கிருபை என்றார்கள். நானும் தங்கையும் ஒரே லயனில் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் ஒரு பலகைச் சுவர். ஒரே மண், ஒரே நிமிடம். என் வீட்டில் அதற்குப் பெயர் கிருபை. அவள் வீட்டில் அதற்குப் பெயர் சித்தம்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று சொன்னார்கள். ஆனால் கடவுளுக்கு வக்கீல் வைத்தது போல் எல்லோரும் ஒரே பக்கமே பேசினார்கள்.

முறை மாறியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தங்கையிடமும் சொல்லவில்லை. எப்படி நடந்தது என்று விசாரிக்க வந்தவர்கள் யார் எங்கே நின்றீர்கள் என்றுதான் கேட்டார்கள். நின்ற இடத்தைச் சொன்னேன். யாருடைய முறை என்று அவர்கள் கேட்கவில்லை. பங்களாதேஷ்காரருக்குத் தெரியும். அவர் என் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை.

பத்து வாரம் வீட்டில் இருந்தேன். ஒரு கையால் சோறாக்கினேன். என் மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை. சும்மா உட்கார்ந்தால் நினைப்புதான்.

எனக்கு ஐம்பத்தாறு வயது. முட்டி தேய்ந்தவன். நான் போயிருந்தால் லயனில் ஒரு வீடு காலியாகும், அவ்வளவுதான். அவருக்கு நாற்பத்தாறு. என் தங்கை இருக்கிறாள். மகள் ஐந்தாம் பாரம் படிக்கிறாள். இரண்டில் ஒருவரை எடுக்க வேண்டும் என்று ஒரு மனுசனிடம் கொடுத்திருந்தால் அவன் என்னைத்தான் எடுத்திருப்பான். இது எனக்கே தெரிகிறது. ஆண்டவருக்குத் தெரியாதா?

தொப்பியைக் கழற்றியவன் நான். கேட்டவன் நான். இரண்டு பேரைக் கேட்டேன். ஒருவரைக் கொடுத்தார். அதுவும் தப்பான ஆளைக் கொடுத்தார்.

இப்படித்தான் நினைத்தேன். மறைக்கவில்லை.

தங்கை தோட்டத்துத் தேநீர்க் கடையில் கோப்பை கழுவுகிறாள். டூரிஸ்ட்டுகள் வந்து உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடிக்கிற இடம். கழுவும் தொட்டிக்கு முன்னால் ஒரு ஜன்னல் உண்டு. அதில் பார்த்தால் ஓடைச் சரிவு நேராகத் தெரியும். முழு மலையும் பச்சை. நடுவில் ஒரு இடம் மட்டும் தோலுரித்தது போல் சிவப்பு. ஆட்கள் போட்டோ எடுக்கும்போது அந்தச் சிவப்பு விழாதபடி தள்ளி நின்று எடுப்பார்கள். அடக்கம் முடிந்த இரண்டாவது வாரமே அவள் வேலைக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை மகளோடு சபைக்குப் போனாள். பாட்டெல்லாம் பாடினாள்.

எனக்கு அவள் மேலும் கோபம். எப்படிப் பாடுகிறாள் என்று.

ஆகஸ்டில் வேலைக்குத் திரும்பினேன். புது மெசின் கொடுத்தார்கள். பை பிடித்த பங்களாதேஷ்காரர்தான் இப்போது என்னோடு மெசின் பிடித்தார். பைக்கு வேறு ஆள். முதல் நாள் நான் தொப்பியைக் கழற்றவில்லை. பெட்ரோல் பார்த்தேன், ஆயில் பார்த்தேன், கயிற்றை இழுத்தேன். கீழ்ப்பக்கம் போய் நின்றேன்.

பத்து மணிக்கு அவர் பக்கம் மாற வந்தார்.

"தா பாயா" என்றேன். வேண்டாம், நீ மேலேயே இரு என்று கை காட்டினேன்.

"அபாங், தோள் போயிடும்" என்றார் மலாயில். அபாங் என்றால் அண்ணன்.

"போகட்டும்."

அன்றிலிருந்து காலையும் கீழ்ப்பக்கம், பத்து மணிக்குப் பிறகும் கீழ்ப்பக்கம். மண்டோர் ஒரு நாள் பார்த்துவிட்டார்.

"யோவ், என்னய்யா முறை மாத்துறதில்லையா? அவன் சின்ன வயசுக்காரன், சொகுசா மேல நடக்குறான். நீ பாதி கெழவன், கீழ தொங்குற."

"எனக்கு இது சரியா இருக்கு."

"மெசின் புடிச்சுக்கிட்டே மண்டையில மண்ணு விழுந்தாத்தான் சரியாவும் போல."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

மழை பெய்த மறுநாள் எல்லோரும் காலை ஊன்றிப் பார்த்து நடப்பார்கள். நான் பார்க்க மாட்டேன். ஓரமாகவே மிதிப்பேன். மனதுக்குள் சொல்வேன்: இதோ நிற்கிறேன். இந்தப் பக்கம்தானே. ஆள் மாறாது. இப்போது எடும். அப்படி ஐந்து மாதம் நடந்தேன். மண் ஒரு பிடிகூட நகரவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

டிசம்பரில் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். இளவயதுக்காரர். டவுனில் இருந்து மோட்டாரில் வருவார். எங்கள் சபையில் வருடத்தின் கடைசி ஞாயிறு சாட்சி சொல்கிற ஆராதனை. அந்த வருடம் கர்த்தர் யார் யாரைக் காத்தாரோ அவர்கள் எழுந்து நின்று அதைச் சொல்லி நன்றி செலுத்த வேண்டும். முடிவில் ஸ்தோத்திரம் என்று சொன்னால் எல்லோரும் சேர்ந்து அல்லேலூயா என்பார்கள். விபத்தில் பிழைத்தவன் எழுந்திருக்காவிட்டால் எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணே, இந்த வருசம் நீங்க சாட்சி சொல்லணும்."

"எனக்குப் பேச வராது பாஸ்டர்."

"ரெண்டு வார்த்த போதும்ணே. கர்த்தர் என்னக் காத்தாரு, ஸ்தோத்திரம். அவ்ளோதான்."

"என் தங்கச்சி எதுக்க உக்காந்திருக்கும். அது முன்னாடி நின்னு நான் பொழச்சதுக்கு நன்றி சொல்லணுமா?"

பாஸ்டர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "உங்க தங்கச்சிதாண்ணே சொன்னாங்க, உங்களப் போய் கேக்கச் சொல்லி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பலகைச் சுவரைப் பார்த்தேன். அந்தப் பக்கம் அவள் பாத்திரம் துலக்குகிற சத்தம் கேட்டது. எனக்கே தெரியாமல் தலையை ஆட்டிவிட்டேன்.

இரண்டு வாரம் அந்த இரண்டு வார்த்தையை வாயில் போட்டுப் பார்த்தேன். கர்த்தர் என்னைக் காத்தார். அது பொய் என்று பட்டது. என்னை மேல்பக்கம் நிறுத்தியது கர்த்தர் இல்லை, என் முட்டி. முட்டிகூட இல்லை. முட்டி என்று நானே சொல்லிக்கொள்கிறேன். கர்த்தர் பேரைச் சொல்லி அதை மூடப்போகிறேன், என் தங்கை அதற்கு அல்லேலூயா சொல்லப்போகிறாள்.

அந்த ஞாயிறு வந்தது. சபையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தங்கை இரண்டாவது வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருவர் மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது, ஸ்தோத்திரம். ஒரு அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேசன் இல்லாமலே போனது, ஸ்தோத்திரம். ஒருவர் தாப்பா ரோட்டில் இறங்கும்போது கெரேத்தாவுக்குப் பிரேக் பிடிக்காமல் போனதைக் கால்மணி நேரம் சொன்னார். வளைவு வளைவாகச் சொன்னார். ஸ்தோத்திரம். எல்லோரும் அல்லேலூயா.

பாஸ்டர் என்னைப் பார்த்தார். எழுந்தேன். முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

"பத்து மணிக்கு அப்புறம் கீழ்ப்பக்கம் என் முறை" என்றேன். "நான் போகல. முட்டி வலின்னு மேலயே நின்னுட்டேன். மாப்ள போனாரு. மண்ணு சரிஞ்சது என் எடத்துல."

பின்னால் ஒரு பெரியவர் பழக்கத்தில் அல்லேலூயா என்று ஆரம்பித்துவிட்டார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"காலையில ரெண்டு பேருக்கும்தான் ஜெபம் பண்ணேன். ஏன் இப்படின்னு கேட்டேன். இன்னும் தெரியல."

ஸ்தோத்திரம் என்று சொல்ல வாய் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். பாஸ்டர் ஒரு பாட்டு நம்பரைச் சொன்னார். அவர் குரல் சரியில்லை. எல்லோரும் எழுந்து பாடினார்கள். நான் தங்கையைப் பார்த்தேன். அன்றைக்கு அவள் பாடவில்லை.

வழக்கமாக மூன்று பேரும் சேர்ந்துதான் லயனுக்கு நடப்போம். அன்று அவளும் மகளும் முன்னால் போய்விட்டார்கள். வாரத்தில் இரண்டு மூன்று தடவை சுவரைத் தட்டிக் குழம்பு கொடுப்பாள். அந்த வாரம் தட்டவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமினால்கூட எனக்குக் கேட்கும். பேச்சு மட்டும் இல்லை.

நான்காம் நாள், புது வருடம் பிறந்த அன்று சாயங்காலம் வந்தாள். வேலையில் இருந்து நேராக வந்திருந்தாள். விரல் எல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. வாசல்படியிலேயே நின்றாள்.

"கால் நெசமா வலிச்சுதா?"

"வலிச்சுது."

"நடக்க முடியாத அளவுக்கா?"

இந்தக் கேள்வியை ஏழு மாதமாக நானே என்னை நேராகக் கேட்டதில்லை. கடவுளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இல்ல" என்றேன். "நடந்திருக்கலாம்."

அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"பக்கத்து வீடு. நடுவுல ஒரு பலக. ஏழு மாசம். எல்லாரு முன்னாடியும் சொல்லத் தெரிஞ்சுது. எங்கிட்ட வந்து சொல்லத் தெரியல."

"பயந்துட்டேன்" என்றேன்.

"நீதான் கேக்கச் சொன்னியாமே, சாட்சி சொல்லச் சொல்லி?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அந்த நேரத்தில் கேட்கிற கேள்வி இல்லை.

"ஆமா, நான்தான் சொன்னேன். ஒருத்தராவது மிஞ்சினாரேன்னு யாராவது நெசமா நன்றி சொல்றத கேக்கணும் போல இருந்துச்சு. நான் வாயால பாடிக்கிட்டு இருக்கேன் அண்ணே, நெஞ்சுல ஒண்ணும் இல்ல. நீ சொன்னா நானும் சொல்லலாம்னு பாத்தேன். நீ என்னடான்னா..."

முடிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரல் மாறியது.

"எப்பவும் கீழ்ப்பக்கமே நடக்குறியாமே? அந்தப் பங்களாதேஷ் ஆளு கடைக்கு வந்து சொன்னாரு. ஓரத்துலயே மிதிக்கிறியாம். அவருக்குப் பயமா இருக்காம், உன்கூட மெசின் புடிக்க."

நான் தரையைப் பார்த்தேன்.

"எதுக்கு?"

"மாப்ள எடத்துல நான் நிக்கறேன்."

"பொய். ஆண்டவர்கிட்ட கேக்குறியா, அவர மெரட்டுறியா?"

நான் வாயைத் திறந்தேன்.

"பேசாத. நீ மட்டும்தான் கேட்டேன்னு நெனச்சியா? நான் கோப்ப கழுவிக்கிட்டே கேட்டேன். அந்தச் செவப்பு மண்ண பாத்துக்கிட்டே தெனமும் கேட்டேன். ஒண்ணும் சொல்லல. அதுக்குன்னு ஜன்னல ஒடச்சனா? நீ யாரு, இவர எடு, அவர விடுன்னு அவருக்குப் பேரு வாசிக்க? நீ என்ன தொரையா, அவரு என்ன உன் பெரட்டு ஆளா?"

இவ்வளவு பேசி அவளை நான் பார்த்ததில்லை. மாப்ள இருந்தவரை அந்த வீட்டில் பேச்சு அவருடையது.

"இன்னொரு பெட்டிக்குப் பின்னாடி நடக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றாள். "மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. அது வேற. வந்தா வரும்."

போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. குளிர் உள்ளே வந்தது. நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் பொத்தச் சொல்லவில்லை. பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

ஏன் என்று கேட்பது எனக்கு உரிமை என்று இருந்தேன். ஜெபம் பண்ணினேன் இல்லையா, அதனால். அவர் எனக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் போல. பதினைந்து வருடம் இரண்டு பேரும் வீடு சேர்ந்தோம். அப்போது ஒரு நாள்கூட ஏன் என்று நான் கேட்டதில்லை. அது என் ஜெபத்தால் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது ஒரு நாள் சேரவில்லை. அது மட்டும் அவர் தப்பு. அப்படித்தான் வைத்திருந்தேன்.

இது தெரிந்ததும் மனசு லேசாகிவிட்டது என்று எழுத முடியாது. ஆகவில்லை. கசப்பு கசப்பாகவே இருக்கிறது. அவர் செய்தது சரி என்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. ஆனால் சரி, தப்பு சொல்கிற இடத்தில் நான் இல்லை. அந்த இடத்தில் இருந்து இறங்கிவிட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அடுத்த வேலை நாள். மழை இல்லை, பனி இருந்தது. கயிற்றை இழுக்கும் முன் தொப்பியைக் கழற்றினேன். பங்களாதேஷ்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பழைய ஜெபம் வாயில் வந்தது. பத்திரமாக வீடு சேர்த்துவிடும் என்கிற இடத்தில் நின்றுவிட்டது. கேட்க வெட்கமாக இருந்தது. கேட்காமல் இருக்கப் பயமாக இருந்தது. உம்முடைய இஷ்டம் என்று சொல்லித் தொப்பியைப் போட்டுக்கொண்டேன். அதைச் சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

காலையில் கீழ்ப்பக்கம் நடந்தேன். ஓரத்தில் மிதிக்கவில்லை. காலை ஊன்றிப் பார்த்து வைத்தேன்.

பத்து மணிக்குத் தேநீர் குடித்து எழுந்தோம். அவர் பழக்கத்தில் மேல்பக்கம் போனார்.

"நில்லு" என்றேன். "மேல இப்ப என் முறை."

"முட்டி வலியா அபாங்?"

"இல்ல. முறை."

அவர் ஒன்றும் கேட்காமல் கீழே இறங்கினார். அவருக்கு ஊரில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். கீழ்ப்பக்கம் நானே நடப்பது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது. கீழே இன்னொருவரை விட்டுவிட்டு மேலே நடப்பதுதான் கஷ்டம். அவருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு என்ன ஆகும் என்றும் தெரியாது. தெரியாமலே கைப்பிடியைப் பிடித்தேன். மெசின் கிளம்பியது.

தங்கை இப்போது சுவரைத் தட்டுகிறாள். பேச்சு அதிகம் இல்லை. குழம்பு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சேர்ந்து நடக்கிறோம். அவள் சில பாட்டுக்குப் பாடுகிறாள், சில பாட்டுக்குப் பாடுவதில்லை. நானும் அப்படித்தான். சிவப்பு மண்ணில் புல் முளைத்துவிட்டது. டூரிஸ்ட்டுகள் இப்போது தள்ளி நிற்பதில்லை.

மேல்பக்கம் நடக்கும்போது என் கண் இலையில் இருப்பதில்லை. கீழே நடப்பவர் காலிலேயே இருக்கிறது. அதனால் வெட்டு சமமாக விழுவதில்லை. ஒரு இடத்தில் ஆழமாகப் போகிறது, ஒரு இடத்தில் இலை தப்பிவிடுகிறது. மண்டோர் தினமும் திட்டுகிறார்.

திட்டட்டும்.